மழைத் தண்ணீர் எங்கே போய்த் தேங்குகிறது? பாக்ஸ்டர், இசட்4, எம்எக்ஸ்-5

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார்கள், சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுவார்கள், டயரைக் குனிந்து பார்ப்பார்கள். கார்பெட்டை அழுத்திப் பார்ப்பவர்கள் குறைவு. பிரிட்டன் மாதிரி எந்த மாதமும் தூறக்கூடிய நாட்டில், துணிக் கூரை போட்ட இருபது வயசுக் காருக்கு முதல் சோதனை அதுதான். சும்மா தொட்டால் காய்ந்துதான் இருக்கும். இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு, உள்ளங்கையை ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். கார்பெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். விரல் இடுக்கில் ஈரம் கசிந்தால், எஞ்சினைப் பற்றிய பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அங்கே பழைய ரோட்ஸ்டர், அதாவது கூரை மடியும் இரண்டு இருக்கைக் கார், தேடுகிறவர்கள் முன்னால் அடிக்கடி வந்து நிற்கும் மூன்றை எடுத்துக்கொள்வோம்: 1996 முதல் 2004 வரை வந்த போர்ஷே பாக்ஸ்டர் 986, 2002இல் தொடங்கி 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4 இ85, 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. மூன்றும் இரண்டு இருக்கை, துணிக் கூரை, பின் சக்கர இழுவை. தண்ணீர் உள்ளே வரும் கதையும் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. மடியும் கூரையின் பின்பக்கம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். இறங்கியதைப் பிடித்து, குழாய் வழியாகப் பின் சக்கரத்துப் பக்கமாக வெளியே விடுவதுதான் வடிவமைப்பு. அந்தக் குழாயில் இலையும் பாசியும் பைன் ஊசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், தண்ணீர் தனக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளும். அது போய் நிற்கும் இடத்தில் போர்ஷே மின்னணுப் பெட்டியை வைத்தது, பிஎம்டபிள்யூ மோட்டாரை வைத்தது, மாஸ்டா வெறும் இரும்பை வைத்தது. என் பார்வையில் மூன்று கார்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது.

பாக்ஸ்டரில், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை எழவிடாத இம்மொபிலைசரும் அலாரமும் சேர்ந்த கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாகக் கிடக்கிறது. காரிலேயே தாழ்வான இடம் அது. அங்கே ஒரு விரல்கடை தண்ணீர் நின்றாலே போதும். முதலில் சின்னச் சின்ன விசித்திரங்கள்: ராத்திரியில் அலாரம் தானாக அலறும், ரிமோட் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது, பூட்டு தானே திறந்து தானே மூடிக்கொள்ளும். ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் எழாது. அந்தப் பெட்டி எஞ்சினின் கணினியோடு ஜோடி சேர்க்கப்பட்டது. அதனால் இன்னொரு காரிலிருந்து கழற்றி வந்து மாட்டிவிட முடியாது. சாவிக்கான குறியீடுகள் வேண்டும். கைதேர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் ஆட்கள் நனைந்த பெட்டியின் நினைவகச் சிப்பைப் பிரித்தெடுத்து வேறொரு பெட்டியில் பற்றவைத்துக் காரை உயிர்ப்பிக்கிறார்கள். சிப் பிழைத்திருந்தால்தான் அதுவும்.

சாவு உடனே வருவதில்லை என்பதுதான் இதில் மோசம். நனைந்த பெட்டி தூங்காமல் விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கும். நிறுத்தி வைத்த கார் ஒன்று இழுக்கும் மின்சாரம் பூட்டிய கொஞ்ச நேரத்தில் 50 மில்லியாம்பியருக்குள் அடங்கிவிட வேண்டும். அது அரை ஆம்பியரிலேயே நின்றால், 60 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்தே நாளில் காலி. சொந்தக்காரர் பேட்டரி பழசு என்று புதுசு போடுவார், ஒரு வாரம் கழித்து அதுவும் இறங்கும். பிந்தைய பாக்ஸ்டர்களில் இன்னொரு வேடிக்கை: பேட்டரி முன் டிக்கிக்குள் இருக்கிறது, டிக்கியோ மின்சாரத்தில் திறக்கிறது. பேட்டரி செத்தால் பேட்டரியை எட்ட முடியாது. ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கும் ஒரு சிவப்பு முனையில் வேறொரு பேட்டரியின் கம்பியைக் கவ்வவிட்டுத்தான் திறக்க வேண்டும். இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவர் தப்பித்தார்.

வடிகாலைச் சுத்தம் செய்கிறேன் என்று காற்றழுத்தக் குழாயைச் செருகுவது பாக்ஸ்டருக்கு ஆகாது. உள்ளே குழாய் மூட்டு கழன்றால் வடிகாலே நேராகக் கேபினுக்குள் கொட்டும். புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் கயிறு போதும். மெதுவாக விட்டு, சுழற்றி, எடுக்க வேண்டும்.

இசட்4-க்கு வருவோம். இங்கே பலியாவது கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பின் மோட்டார். கூரை மடிந்து உட்காரும் இடத்தின் ஒரு மூலைப் பள்ளத்தில் அதை இறக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்குத்தான் வடிகாலும். அடைத்தால் மோட்டார் குளத்தில் நிற்கிறது. கூரை வழக்கத்தைவிட மெதுவாக எழும், முனகும், பிறகு பாதியிலேயே நின்றுவிடும். கையால் மூடிக்கொள்ள வழி இருப்பதால் நடுரோட்டில் நனைய வேண்டியதில்லை. ஆனால் மோட்டாரை முறைப்படி மாற்ற வேண்டுமென்றால் கூரையையே கழற்ற வேண்டும், கூலி பாகத்தின் விலையோடு போட்டி போடும். அதனால்தான் பலர் பழுது பார்க்கும்போதே மோட்டாரை டிக்கிக்குள் இடம் மாற்றிவிடுகிறார்கள். விற்பவர் “டிக்கிக்கு மாற்றியாச்சு” என்றால் குறையாக நினைக்காதீர்கள். எனக்கு அது கூடுதல் மதிப்பெண்.

ஒன்று கவனிக்கலாம். இசட்4-இன் சில அடிப்படை மாடல்களுக்குக் கையால் மடிக்கும் கூரைதான் வந்தது. வசதி குறைவு என்று பலரும் தாண்டிப் போகும் அந்தக் காரை நான் தேடிப் போய்ப் பார்ப்பேன். மூழ்கிச் சாக அதில் மோட்டாரே இல்லையே!

மாஸ்டாவில் மின்சாரக் கதை சின்னது. கூரை கைவேலை. பேட்டரி டிக்கியில் இருப்பதால், மூன்றாவது பிரேக் விளக்கின் ரப்பர் சுருங்கினால் டிக்கி ஈரமாகும். பேட்டரித் தட்டும் எர்த் இணைப்பும் பச்சை, பழுப்பு என்று நிறம் மாறும். சுரண்டிச் சுத்தம் செய்து ரப்பரை மாற்றினால் ஒரு மதிய வேலை. ஆனால் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள வடிகால் அடைத்தால் தண்ணீர் கதவுக்கு அடியில் காரின் நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பகுதிக்குள் இறங்குகிறது. அது மூடிய இரும்புப் பெட்டி. உள்ளே துருப்பிடிப்பது வெளியே தெரியாது. பெயின்டில் குமிழி வரும்போது உள்ளே பாதி தின்றிருக்கும். குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு வெளியிலிருந்து தன் பங்கைச் செய்யும். கார் ஓடத் தகுதியானதா என்று பிரிட்டனில் பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனையில் சில்லில் ஓட்டை இருந்தால் தோல்வி, வெட்டி ஒட்டி வெல்டிங். அதே சோதனையில் கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். ஆக, பாக்ஸ்டர் நனைந்தபடியே பாஸாகிவிடலாம்.

கூரையையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். கதவுக் கண்ணாடி வழியாக இறங்கும் மழை கதவுக்குள்ளேயே ஓடிக் கீழ்த் துளைகளில் வெளியேறுகிறது. அதைக் கேபினிலிருந்து பிரிப்பது கதவுப் பலகைக்குப் பின்னால் பசையில் ஒட்டிய ஒரு சவ்வு. யாரோ ஸ்பீக்கர் மாற்றும்போது அதைக் கிழித்திருந்தால், கூரைக்கு எவ்வளவு செலவழித்தாலும் கால்மிதி காயாது. மூன்று காருக்கும் இது பொது.

எதை வாங்கலாம்? தெருவில்தான் நிறுத்துவேன், மரத்தடிதான் கிடைக்கும் என்பவருக்கு மாஸ்டா. ஆனால் சில்லைத் தட்டிப் பார்த்த பிறகு. கராஜ் இருக்கிறது, வருஷத்துக்கு இரண்டு முறை வடிகாலைக் குடைய அலுப்பில்லை என்றால் பாக்ஸ்டர். மூன்றில் ஓட்டுவதற்கு எனக்குப் பிடித்தது அதுதான், அதனால் கொஞ்சம் சலுகை காட்டுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் கூரை உள்ள, அது இடம் மாற்றப்படாத இசட்4 என்றால், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். வடிகால் வாய் எங்கே என்று முன்பே தெரிந்துகொண்டு, விற்பவரிடம் கேட்டுவிட்டு, பக்கத்துக்கு ஒரு டம்ளர் அளவு மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துப் பக்கம் தரையில் சொட்ட வேண்டும். ஒரு பக்கம் சொட்டி மறுபக்கம் சொட்டாவிட்டால், சொட்டாத பக்கத்துக் கார்பெட்டை இன்னொரு முறை அழுத்திப் பாருங்கள்.