100 நாள் வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: இலவசப் பயிற்சிக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

எங்கள் அண்ணி 100 நாளையும் முழுசாக முடித்தவர். ஏரிக்கரையில் வேலை நடந்த இடத்துக்கே ஒரு பயிற்சி மையத்தின் ஆள் வந்து, தையல் கற்றுத் தருகிறோம், முடித்ததும் திருப்பூரில் டெய்லர் வேலை என்றிருக்கிறார். திட்டம் நிஜம்தான். 'உன்னதி' என்று 2019-ல் கொண்டுவந்தார்கள். அப்போதைய விதிப்படி, முந்தைய நிதியாண்டில் 100 நாள் முடித்த குடும்பத்தில், 18 முதல் 45 வயதுக்குள் ஒருவருக்குப் பயிற்சி, அதிகபட்சம் 100 நாளுக்கு உதவித்தொகை. அந்த நம்பிக்கையில்தான் 'பதிவுக் கட்டணம்' இரண்டாயிரம் கைமாறியது. ரசீது கிடையாது.

மையத்தில் மெஷின்கள் வரிசையாக இருந்தன, பாதிக்கு ஊசியே இல்லை. காலையில் விரல்ரேகை வைக்கச் சொல்வார்கள், மெஷின் முன்னால் உட்காரவைத்து போட்டோ எடுப்பார்கள், அப்புறம் துணி வரவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினைக் கடைசிவரை தொடவே விடவில்லை. சான்றிதழ் மட்டும் பளபளவென்று வந்தது.

திருப்பூரில் கொடுத்தது பிசிர், அதாவது தைத்த துணியில் தொங்கும் நூலை, வெட்டும் வேலை. அதைக் குறைவாகச் சொல்லவில்லை, ஆனால் அதற்கு எதற்கு மாதக்கணக்கில் பயிற்சி? ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்ததுபோக மிஞ்சியது, ஊரில் வாங்கிய கூலியைவிடக் குறைவு. மையத்துக்குப் போன் செய்தால், "வேலை வாங்கிக் குடுத்தாச்சும்மா, எங்க கணக்கு முடிஞ்சுது" என்றார்கள். பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை காட்டவேண்டும் என்பது, உன்னதிக்காரர்களுக்குப் பயிற்சி தரும் மத்திய அரசின் தீன் தயாள் கிராமப்புறத் திறன் திட்டத்தின் விதி. அந்தக் கணக்குக்குத்தான் அண்ணி தேவைப்பட்டார்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது இதுதான்: ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். இப்போது 18 முடிந்த அண்ணன் மகள் கேட்கப் போனால், "உங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் முடிச்சிட்டாங்களே" என்கிறார்கள். நடக்காத பயிற்சிக்காக அந்தப் பிள்ளையின் வாய்ப்பும் போய்விட்டது.

யாராவது வேலை அட்டை ஜெராக்ஸ் கேட்டால், முதலில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அந்த மையம் அரசுப் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். உதவித்தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும், 'நாங்க வாங்கித் தர்றோம்' என்றால் நகர்ந்துவிடுங்கள். சொந்தத் தொழில் ஆசை இருந்தால், வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் தங்குமிடமும் சாப்பாடும்கூட இலவசம்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இதேபோல ஏமாந்தவர்கள் ரசீது இல்லை என்று தயங்காமல், சான்றிதழையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு போய் நீங்களும் மனு கொடுங்கள்.