1968 ட்ரையம்ப் போனவில் பைக்கை எந்த நிலைக்குக் கொண்டுபோவது?

1968 மாடல் ட்ரையம்ப் போனவில் டி120 என்ற பிரிட்டிஷ் பைக் ஒன்று கைக்கு வந்தால், மூன்று வழி உண்டு. இங்கிலாந்தில் ட்ரையம்ப்பின் மெரிடன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ, நட்டு போல்ட்டு வரை அப்படியே கொண்டுவருவது ஒன்று. பெயிண்ட்டில் கை வைக்காமல், கிடைத்த கோலத்திலேயே ஓடவைப்பது இன்னொன்று. பார்வைக்கு 1968, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இன்றைய சாமான் என்பது மூன்றாவது. இங்கிலாந்தில் பழைய பைக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் இந்தச் சண்டையில்தான் போய் நிற்கும்.

முதல் வழிக்கு ஆசைப்படுகிறவர் ஸ்பேனரை எடுக்குமுன் நம்பரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். 1969-லிருந்து நம்பர் அடிக்கும் இடத்தில் ட்ரையம்ப் முத்திரையைப் பொடிப்பொடியாக வார்த்துவிட்டார்கள், சுரண்டினால் காட்டிக்கொடுத்துவிடும். 1968 வண்டிக்கு அந்தக் காவல் இல்லை. ட்ரையம்ப்பின் பழைய அனுப்புகைப் பதிவேடுகள் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பில் இருக்கின்றன. கேட்டால் சான்றிதழ் தருவார்கள். போனவில்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனவை. அங்கே போனதற்குச் சின்ன டேங்க், உயர்ந்த ஹேண்டில்பார். அப்படித் திரும்பி வந்த வண்டிக்குப் பெரிய பிரிட்டிஷ் டேங்கை மாட்டிவிட்டு ‘ஒரிஜினல்’ என்று விற்பவர்கள் ஏராளம். அழகாக இருக்கும், ஆனால் அப்படி ஒரு வண்டி மெரிடனிலிருந்து கிளம்பவே இல்லை.

பெயிண்ட் விஷயத்தில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. அந்த ஆண்டின் நிறம் ஹைஃபை ஸ்கார்லெட் என்ற சிவப்பும் வெள்ளியும். பழைய சிவப்பு மங்கி, தங்கக்கோடு பாதி அழிந்திருந்தாலும் அதன்மேல் புதுசு அடிக்காதீர்கள். அடித்த பிறகு பழையது திரும்பி வராது. யாரோ ஏற்கெனவே கறுப்பு அடித்துவிட்டார் என்றால் தாராளமாக முதல் வழிக்குப் போகலாம். அங்கேயும் ஒரு ஆபத்து: காசைக் கொட்டுகிறவர் கையில் வண்டி தொழிற்சாலையில் இருந்ததைவிட நன்றாகிவிடும். மெரிடனில் அன்று போல்ட்டுகளுக்குப் போட்டது மங்கலான காட்மியம் பூச்சு. காட்மியம் நச்சு என்பதால் இப்போது பெரும்பாலும் துத்தநாகம்தான். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போட்டால் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும்.

இன்ஜினில் மூன்று வழிக்காரர்களும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும், ஆனால் நிற்பதில்லை. இரண்டாவது வழிக்காரர் ‘ஓடுகிற இன்ஜினைத் திறப்பானேன்’ என்பார். இந்த இன்ஜினில் எண்ணெயை வடிகட்டக் காகித ஃபில்டர் கிடையாது, கம்பி வலைதான். அதைத் தாண்டிப் போகும் கசடெல்லாம் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்குக்குள் இருக்கும் ஒரு குழாயில் ஒதுங்கித் தங்கும். அது அடைத்துக்கொண்டால் பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் பிக் எண்ட் பேரிங்குக்கு எண்ணெய் போகாது. எத்தனை மைல் ஓடிய பிறகு என்பதுதான் கேள்வி. குழாயை மூடியிருக்கும் திருகு அசையாதபடி ஓரத்தில் குத்திவிட்டிருப்பார்கள். அந்தக் குத்தை ட்ரில் போட்டு எடுத்து, சூடு காட்டித் திருக வேண்டும். குழாயை இழுக்குமுன் ஃப்ளைவீல் போல்ட் ஒன்றையும் கழற்ற வேண்டும், ஏனென்றால் அதன் முனைதான் குழாயைப் பிடித்திருக்கும். இது தெரியாமல் இழுத்துக் குழாயைக் கிழித்தவர்கள் உண்டு. உள்ளே இருப்பது காய்ந்த கறுப்புக் களிமண் மாதிரி கெட்டியாக இருக்கும். வெளியே ஒரு கீறலைக்கூடத் துடைக்காதீர்கள், சரி. இதை மட்டும் திறந்து பார்த்துவிடுங்கள்.

மின்சாரப் பகுதியில்தான் மூன்றாவது வழி ஜெயிக்கிறது. தீப்பொறிக்காக மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைக்குப் பெயர் பாயிண்ட்; 1968-ல் லூகாஸ் நிறுவனத்தின் 6சிஏ பாயிண்ட் வந்தது. இரண்டு சிலிண்டருக்கும் தீப்பொறி விழும் டைமிங்கைத் தனித்தனியே வைக்கலாம். முந்தையதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பாயிண்ட் தேயும், வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்னால் தள்ளும் அட்வான்ஸ் அமைப்பின் ஸ்பிரிங் தளரும், வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம் ஏறி இறங்கும். பாயர் பிரான்ஸ்டன் எலக்ட்ரானிக் இக்னிஷன் அதே வட்ட மூடிக்குள் உட்கார்ந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஒரு குறை: பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் அதற்குப் புத்தி தடுமாறும். பாயிண்ட் அவ்வளவு கோபிக்காது. ஆகவே இக்னிஷனோடு சேர்த்து, வோல்டேஜைச் சீராக வைக்கும் புது ரெகுலேட்டர் ஒன்றையும் மாட்டிவிடுவது நல்லது. அந்த வேலையை முன்பு செய்த ஜீனர் டையோடின், ஹெட்லைட்டுக்குக் கீழே செதில் செதிலாக இருக்கும் அலுமினியக் கட்டியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். வேலை செய்யாவிட்டாலும் அது முகத்தில் இருக்க வேண்டிய உறுப்பு.

கார்புரேட்டருக்கு ஜப்பான் பக்கம் போகத் தேவையில்லை. வண்டியோடு வந்த அமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டரில் உடலும், காற்றின் அளவை மாற்ற உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்ளும் என்பது பழைய புகார். இப்போது அதே அமல் பெயரில், மேற்பரப்பைக் கடினமாக்கி அனோடைஸ் செய்த ஸ்லைடோடு ‘பிரீமியர்’ என்று வருகிறது. உருவம் அதேதான். இதில் முதல் வழிக்காரரும் மூன்றாவது வழிக்காரரும் கைகுலுக்கிக்கொள்ளலாம்.

சட்டம் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பிரிட்டனில் 40 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிக்குச் சாலை வரியும் கட்ட வேண்டாம், ஆண்டுப் பரிசோதனையும் வேண்டாம். விண்ணப்பம் மட்டும் போட வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதால் அந்தச் சலுகை போய்விடாது.

ஆக, பழைய பெயிண்ட் மிச்சம் இருந்தால் இரண்டாவது வழி, இன்ஜினைத் திறந்து பார்த்த பிறகு. நம்பர் பொருந்தி, பெயிண்ட் போயிருந்தால் முதல் வழி. நம்பர் பொருந்தாத வண்டிக்கு முதல் வழியில் பணம் போடுவது வீண். மூன்றாவதில் போய் நிம்மதியாக ஓட்டலாம். எதுவானாலும் கழற்றிய பாயிண்ட், ரெக்டிஃபையர், பழைய ஒயரிங் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நாளைக்கு வாங்க வருகிறவர் வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்த கையோடு அதைத்தான் கேட்பார்.