சங்கு போன வழி: நூலகக் குறிப்புதவிப் பிரிவில் நான்கு ஆண்டுகள்

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரிலிருந்து மாதம் இருமுறை பேருந்து ஏறி, பொது நூலகம் ஒன்றின் குறிப்புதவிப் பிரிவுக்கு நான்கு ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். இரவல் தராத பழைய நூல்களும், உள்ளூர்க் குடும்பங்கள் கொடுத்த ஆண்டு மலர்களும் அங்கே ஓர் உள்ளறையில் இருக்கின்றன. என் பாட்டனார் சங்கு குளித்தவர். அவர் மூச்சடக்கி எடுத்து வந்த சங்கு கரைக்கு வந்தபின் எங்கே போயிற்று என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியவில்லை என்பதே நான் அங்கே போகத் தொடங்கிய காரணம்.

முதல் சில மாதங்கள் எதுவும் கிடைக்கவில்லை. நூல்கள் இல்லாததால் அன்று; எந்தப் பெயரில், எந்த மாவட்டத்தின் கீழ்த் தேடுவது என்று எனக்குத் தெரியாததால். பாம்பனைப் பழைய ஆங்கில நூல்களின் சொல்லடைவில் 'பௌம்பென்' என்பது போன்ற எழுத்துக்கூட்டலிலும், இராமநாதபுரத்தை 'ராம்நாட்' என்றும் தேட வேண்டும். அதைவிட முக்கியமானது, இராமநாதபுரம் தனி மாவட்டமானதே 1910-இல்தான் என்பது. அதற்கு முந்தைய செய்திகளுக்கு, 1868-இல் வெளிவந்த நெல்சனின் மதுரைக் கையேட்டையும், 1906-இன் மதுரை மாவட்ட விவரச்சுவடியையும் (கெசட்டியர்) கேட்டு வாங்க வேண்டும். மாறாக, 1972-இன் இராமநாதபுரம் விவரச்சுவடியைப் புரட்டினால், 1985-இல் பிரிந்து சென்ற சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இந்த எல்லைக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் அங்கிருந்த நூலகர். அந்த அரைமணி நேரப் பேச்சு எனக்கு ஓராண்டு உழைப்பை மிச்சப்படுத்தியது.

அவர் எடுத்துக் கொடுத்த நூல்களில் என்னை நிறுத்தி வைத்தது, மதராஸ் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி எழுதி 1914-இல் வெளியான அறிக்கை. இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் கரையோரத்தில் சங்கெடுக்கும் உரிமை சமஸ்தானத்துக்கு இருந்ததும், அது குத்தகைக்குப் போனதும், எடுத்த சங்குகள் வங்காளத்துக்குக் கப்பலேறி, டாக்கா போன்ற ஊர்களில் வளையல்களாக அறுக்கப்பட்டதும் எனக்குத் தெளிவானது அப்போதுதான். எங்கள் கடலடியில் கிடந்த சங்கு, எங்கள் ஊரார் ஒருவரும் பார்த்திராத ஊரில் மணப்பெண்களின் கைக்கு வளையாகப் போயிருக்கிறது என்பதைப் படித்த அன்று, மேற்கொண்டு ஒரு பக்கமும் புரட்டாமல் ஊர் திரும்பினேன்.

படித்ததை எங்கள் தெருவின் மூத்த குளியாளி ஒருவரிடம் தமிழாக்கிச் சொல்வது அதன்பின் வழக்கமாயிற்று. ஒருமுறை, குளிக்கும் பருவம் பற்றிய என் குறிப்பைப் பாதியிலேயே நிறுத்தி, "தம்பி, நீ எந்தக் கடலைச் சொல்ற? தென்கடலுக்கு ஒரு கணக்கு, வடகடலுக்கு ஒரு கணக்கு. கச்சான் காத்து அடிக்கையில தென்கடல் கலங்கிக் கிடக்கும். கலங்கின தண்ணியில சங்கு எப்படித் தெரியும்?" என்றார். தென்கடலான மன்னார் வளைகுடாவையும் வடகடலான பாக் நீரிணையையும் நான் ஒரே கடலாகக் குறித்து வைத்திருந்தேன். மறுமுறை சென்று, எந்தச் செய்தி எந்தக் கரையைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்த்தபோது, முன்பு முரண்பட்டவையாகத் தோன்றிய பல செய்திகள் தத்தம் இடத்தில் சரியாக அமர்ந்தன. அச்சில் உள்ளதை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பிழை என் குறிப்பேட்டிலேயே தங்கியிருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தாள்கள் தொட்டால் உதிர்கின்றன. உப்புக் காற்று வீசும் கரையோர ஊரில் குளிரூட்டப்படாத அறையில் அவற்றை வைத்திருப்பது எனக்குப் பெரும் கவலை தருகிறது. நூல்களை மறுபடி பைண்டிங் செய்தபோது ஓரங்களை வெட்டியதில், யாரோ முன்னோர் எழுதிய ஓரக்குறிப்புகள் பாதியாகப் போய்விட்டன. நிலப்படங்கள் சில கிழித்தெடுக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டு மலர்களுக்கு அட்டவணையே கிடையாது. பள்ளிகளும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் வெளியிட்ட அந்த மலர்களில்தான் குளியாளிகளின் பெயர்கள் வருகின்றன என்பதால், ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நகலெடுக்க அனுமதியில்லை, கைப்பேசியில் படமெடுக்க எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். தாள்களின் நிலையைப் பார்த்தால் அந்தக் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது.

புதிதாகச் செல்பவர்கள் பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் கொண்டு போங்கள். காலையிலேயே போனால் சன்னல் வெளிச்சத்தில் சிறிய எழுத்துகளைப் படிக்கலாம். எந்த ஊர், எந்தக் காலம் என்று ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுப்பது, அலமாரிகளை நீங்களே துழாவுவதைவிட மிகுந்த பயன் தரும்.

மூத்தவர் சொன்ன பருவக் கணக்குகளைத் தட்டச்சு செய்து, அவர் கையொப்பத்துடன் சென்ற மாதம் அந்தப் பிரிவில் கொடுத்திருக்கிறேன். அது இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை. ஏறியதும் அவரையே நேரில் அழைத்துச் சென்று காட்ட வேண்டும்.