தக்கலைப் பக்கம் ஒரு மொட்டைமாடிக் கூட்டம்: எட்டு மாதம் போய்வந்து எழுதுகிறேன்

ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்கு, தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், பல சபைக் கிறிஸ்தவர்கள் சேர்ந்து நடத்துகிற ஜெபக்கூட்டம் இது. பெயர்ப்பலகை, மைக், காணிக்கைப் பை எதுவும் கிடையாது. வியாழன் இரவு ஒன்பதுக்கு இதே ஆட்கள் ஜூமில் கூடுகிறார்கள். போகலாமா என்று என்னிடம் மூன்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். போகலாம், கட்டாயம் போங்க. குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். இத்தனை பேர் இருப்பதாலேயே ஒருவர் தன் சபைக்குள்ளேயே பிறந்து, கல்யாணம் முடித்து, கல்லறைத் தோட்டம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட முடிகிறது. சி.எஸ்.ஐ., லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரை, லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று ஒரே ரோட்டில் நாலைந்து ஆலயம் பார்க்கலாம். ஒன்றிலிருந்து வெளியே வருகிறவருக்கு அடுத்ததன் உள்பக்கம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. அப்புறம், "நீங்க எந்த சபை?" என்ற கேள்வி இங்கே பாதி நேரம் சாதியைக் கேட்கிற கேள்விதான், கேட்கிறவருக்கும் அது தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

நான் போன முதல் நாள் அந்தக் கேள்வி வரவே இல்லை. மாடிப்படி ஏறினதும் வீட்டுக்கார அக்கா ஒரு கிளாஸ் கட்டஞ்சாயாவைக் கையில் தந்து, "இந்த வாரம் வேலையெல்லாம் எப்படிப் போச்சு?" என்று கேட்டார், அவ்வளவுதான் அறிமுகம். புதிதாக வருகிறவரிடம் சபையும் குடும்பமும் விசாரிக்கக் கூடாது, அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று எல்லாரும் பேசிவைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

அவராகச் சொன்ன ஒரு நாளை மறக்க மாட்டேன். அடிக்கடி வருகிற ஒரு அக்கா, சின்ன வயதில் அம்மாவோடு ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனபோது தங்கள் இரண்டு பேருக்கு மட்டும் வேறு கிளாஸில் சாயா வந்ததைச் சொன்னார். "இப்ப அப்படியெல்லாம் இல்ல" என்று யாரும் அவசரப்பட்டு மூடிவிடவில்லை, கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். பிறகு எழுபது வயதுக்கு மேலுள்ள ஒரு பெரியவர் பேசினார்: "எங்க பாட்டிக்குப் பாட்டிமாரு மேல்சீலை போடறதுக்கு அடி வாங்கினவங்க, அதுக்கு 1859-இல்தான் திருவிதாங்கூர் ராஜா உத்தரவு வந்தது. அந்த வீட்டுல வந்த நாங்களே இன்னொருத்தருக்குக் கிளாஸ மாத்தி வச்சோம்." அந்த அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அன்றைக்கு வேறு பிரசங்கம் நடக்கவில்லை, தேவையும் படவில்லை.

கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியிலேயே ஒரே நேரத்தில் சொல்கிறோம். கத்தோலிக்கர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்க, நான் வளர்ந்தபடி "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பேன். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வரும் அம்மச்சி "ஸ்வர்க்கஸ்தனாய ஞங்ஙளுடெ பிதாவே" என்பார், கட்டட வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் தம்பிமார் "ஹே ஹமாரே பிதா" என்பார்கள். ராஜ்யமும் வல்லமையும் என்று வருகிற கடைசி வரியைக் கத்தோலிக்கர் அந்த இடத்தில் சேர்ப்பதில்லை, அதனால் அவர்கள் முதலில் முடித்துவிடுவார்கள். முடித்தவர்கள் மற்றவர்களுக்காகக் காத்திருந்து, எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் ஆமென். இந்தச் சில நொடிக் காத்திருப்புக்காகவே நான் வாராவாரம் பஸ் ஏறுகிறேன்.

அந்த ஜார்க்கண்ட் தம்பிமாரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். முதல் மாதம் அவர்களை நாங்கள் விருந்தாளியாகத்தான் வைத்திருந்தோம், நல்லா சாப்பாடு போட்டோம், அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து பேர் மூன்றாகக் குறைந்தார்கள். ஒரு வாரம் யாரோ "இன்னைக்குப் பாட்டு நீங்க" என்று சொல்ல, பிளாஸ்டிக் வாளியில் தாளம் போட்டு சாத்ரி மொழியில் ஒரு பாட்டு எடுத்தார்கள், அர்த்தம் கேட்டு ஆளுக்கு இரண்டு வரி கற்றுக்கொண்டோம். அதற்குப் பிறகு குறைந்தவர்களும் வந்தார்கள், கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டி வந்தார்கள். சாப்பாட்டைக் காட்டிலும் அந்தப் பாட்டுதான் அவர்களை உள்ளே கொண்டுவந்தது என்று நான் நம்புகிறேன்.

நற்கருணை இங்கே கிடையாது. காலையில் அவரவர் ஆலயத்துக்குப் போய்விட்டுத்தான் வருகிறோம், அதை மாற்றச் சொல்லி யாரும் யாரையும் இழுப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், தவக்காலத்தில் மீன்கறிக்குப் பதில் காந்தாரிமிளகுச் சம்மந்தி.

ஜூம் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இரவு ஒன்பது என்றால் துபாயில் ஏழரை, குவைத்தில் ஆறரை, வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தோதான நேரம். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் துண்டாகும், திரும்பச் சேர்வதற்குள் இரண்டு பேர் காணாமல் போவார்கள், இது சரியாக வேண்டும். வாட்ஸ்அப் குழு ரொம்ப நல்லா நடக்கிறது. ஃபார்வர்டு கூடாது, எழுத்தைவிடக் குரல் பதிவுதான் அதிகம், ஏனென்றால் மேற்குப் பக்கத்துப் பெரியவர்கள் பலர், இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முன்னால் மலையாளத்தில் படித்தவர்கள், வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்து அவர்களுக்குச் சிரமம். தூத்தூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் சிக்னல் இருக்காது. கரைக்கு வந்த அன்றைக்கு எல்லாப் பதிவையும் வரிசையாகக் கேட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவார்.

குறைகள். மாடி ஏற முடியாதவருக்கு இது நல்ல இடமே இல்லை. போலியோவால் கால் பாதித்த ஒரு மாமாவை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோனோம், அவருக்கு அது பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. அதற்கப்புறம் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் கீழே முற்றத்தில் நடக்கிறது. நாலு ஞாயிறும் கீழே நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், காற்றோட்டம் என்ற காரணம் எனக்குப் போதவில்லை. இன்னொன்று, கிழங்கு வேகிற நேரத்தில் பேச்சு மும்முரமாக இருக்கும், அடுப்படியில் நிற்பது எப்போதும் அதே மூன்று பெண்கள். பாத்திரம் கழுவ இப்போது ஆண்கள் வருகிறார்கள், சமைக்க இன்னும் வரவில்லை.

ஐந்துக்கு நாலு தருகிறேன். பைபிள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே நாலு மொழியில் இருக்கிறது. முதல் ஞாயிறு என்றால் படியேறாமல் நேரே முற்றத்துக்கு வாங்க, மாமா முன்னாடியே வந்து இடம் போட்டு வைத்திருப்பார்.