பழைய ராணுவ ரைஃபிள் வாங்க கன் ஷோவா, ஆன்லைன் ஏலமா?

அமெரிக்கக் கன் ஷோக்களை, அதாவது துப்பாக்கிச் சந்தைகளைப் பற்றி இப்போது அதிகம் கேட்கும் புலம்பல், "மாட்டிறைச்சி வற்றலும் டி-ஷர்ட்டும்தான் மிச்சம்" என்பது. புதிய கிளாக் பிஸ்டலோ ஏஆர்-15 ரைஃபிளோ தேடுபவருக்கு அது சரிதான். பெட்டி பிரிக்காத பொருள் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். அதற்காக நுழைவுச்சீட்டு, பார்க்கிங் என்று செலவழிக்க வேண்டாம். அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

எம்1 கராண்ட், மோசின்-நகான்ட், மவுசர் கே98கே போன்ற பழைய ராணுவ ரைஃபிள்களின் கதை வேறு. அவற்றை வாங்குவதற்கும் மாற்றிக்கொள்வதற்கும் ஆன்லைன் ஏலத்தைவிட ஷோவையே நான் தேர்ந்தெடுப்பேன். காரணம் ஒன்றே ஒன்று: பணம் கொடுப்பதற்கு முன் கையில் எடுத்துச் சோதிக்கலாம். நாளை அதே ரைஃபிளை விற்கும்போது கிடைக்கும் விலை இந்தச் சோதனையில்தான் தீர்மானமாகிறது.

கராண்டை எடுத்துக்கொள்வோம். 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டும் வின்செஸ்டரும் செய்தன. 1950-களில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சனும் சேர்ந்துகொண்டன. போருக்குப் பின் பெரும்பாலானவை ராணுவப் பணிமனைகளில் பிரிக்கப்பட்டு, இருந்த பாகங்களைப் போட்டு மறுபடி பூட்டப்பட்டவை. எனவே பாகங்கள் கலந்திருப்பது குறையே இல்லை. கலந்ததை "எல்லாம் ஒரிஜினல்" என்று சொல்லி அதற்கான விலையைக் கேட்பதுதான் பிரச்சினை.

ஆபரேட்டிங் ராடை (பேரலின் வலப்பக்கம் ஓடும் நீண்ட கம்பியை) பின்னுக்கு இழுத்தால் பேரலின் வலப்பக்கத்தில் அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் தெரியும். குறிபார்க்கும் பின் சைட்டுக்குப் பின்னால், ரிசீவரில் (பேரல் பூட்டப்படும் இரும்பு உடலில்) கம்பெனி பெயரும் சீரியல் எண்ணும் இருக்கும். சீரியல் எண் அட்டவணையில் வரும் தேதியும் பேரல் தேதியும் சில மாத இடைவெளிக்குள் இருந்தால் நல்லது. வருடக்கணக்கில் தள்ளி இருந்தால் பேரல் மாற்றியது. அதற்கேற்ற விலையே கொடுங்கள்.

இதைவிட முக்கியமானது, ஒட்டுவெல்டு ரிசீவர். கழிவு இரும்பாக இரண்டாக வெட்டி விற்கப்பட்ட ரிசீவர்களின் பாதிகளை வெல்டு வைத்துச் சேர்த்து விற்ற காலம் ஒன்று இருந்தது. அவை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சுடுபவருக்கு ஆபத்து, சேகரிப்பவருக்கு நஷ்டம். மேலே பார்க்கரைசிங் என்னும் துருத்தடுப்புப் பூச்சு புதிதாகப் போட்டிருந்தால் புகைப்படத்தில் கண்டுபிடிப்பது மிகக் கடினம். கையில் இருந்தால் எளிது: குண்டு இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டை (பேரலின் பின்வாயை மூடும் நகரும் பாகத்தை) மூடி, ட்ரிகர் கார்டின் பின்முனையைக் கீழே இழுத்தால் ட்ரிகர் தொகுப்பு கழன்று வரும், மரக்கட்டையிலிருந்து இரும்புப் பகுதி தனியாகும். கருவி எதுவும் தேவையில்லை. ரிசீவரின் அடிப்பக்கத்திலும் போல்ட் ஓடும் தடத்திலும் குறுக்கே நிறம் மாறிய கோடு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். போல்ட் ஒரே இடத்தில் தட்டித் தட்டி ஓடினாலும் சந்தேகப்படுங்கள். ரிசீவரின் முன்பகுதியில் உள்ள வரைபட எண் (அந்தப் பாகத்தின் வடிவமைப்பு எண்) ஒரு காலத்தையும் பின்பகுதியின் சீரியல் எண் வேறு காலத்தையும் காட்டினால், அந்த மேசையை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது பேரல் தேய்மானம். வாய்ப்பக்க (குண்டு வெளியேறும் முனை) அளவுகோல், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) பக்கத் தேய்மான அளவுகோல், வளையும் கம்பியுள்ள சிறு எல்இடி விளக்கு, நாலைந்து துணித்துண்டுகள் கையில் இருக்கட்டும். கராண்டில் வாய்ப்பக்கம் 3-க்குள்ளும் சேம்பர் பக்கம் 5-க்குக் கீழும் காட்டினால் சுடத் தகுந்த பேரல். மோசினில் வாயைக் கூர்ந்து பாருங்கள்: தேய்ந்த முனையை உள்ளே குடைந்து எடுத்திருந்தால் பேரலுக்குள் சுழன்று ஓடும் வரிப்பள்ளங்கள் விளிம்பில் தொடங்காமல் உள்ளே தள்ளித் தொடங்கும். ஏல விளம்பரங்களில் இந்தக் கோணத்தில் படம் கிடைப்பது அபூர்வம். பழைய சோவியத் தோட்டாக்களின் ப்ரைமர் உப்பு பேரலை அரித்திருக்கும். கெட்டியாக எண்ணெய் பூசினால் அந்தக் குழிகள் மறையும். உலர்ந்த துணியை ஒருமுறை ஓட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

மரத்துக்குக் கட்டைவிரல் போதும். தேய்க்காத மரம் இரும்போடு சேரும் இடத்தில் மயிரிழை மேலே நிற்கும். உப்புத்தாள் போட்டு இழைத்தது இரும்பைவிடத் தாழ்ந்திருக்கும். இழைத்த மரத்தில் ராணுவ முத்திரை மட்டும் விளிம்பு மழுங்காமல் இருந்தால் அது பிற்பாடு குத்தியது.

நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. நுழைவாயிலிலேயே எல்லாத் துப்பாக்கிகளிலும், சுட முடியாதபடி பிளாஸ்டிக் டை (கட்டும் பட்டை) மாட்டிவிடுவார்கள். டை இருக்கும்போது வாய்ப்பக்கத்தை அளக்கலாம், சேம்பர் பக்கத்தை முடியாது. விலை ஏறத்தாழ ஒத்துவந்த பிறகு விற்பவரிடம் கேளுங்கள். அவரே வெட்டட்டும், நீங்கள் வெட்டாதீர்கள். அனுமதிக்காத ஷோக்களும் உண்டு. அங்கே சேம்பர் பக்கம் பார்க்காததற்கு விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய கோல்ட் ரிவால்வர்களுக்கு இந்த நம்பிக்கையை அப்படியே நீட்ட மாட்டேன். அவற்றில் மறுபூச்சைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. அனுபவமுள்ள ஒருவரை உடன் அழைத்துப் போவதே நல்லது.

கன்புரோக்கர் போன்ற ஏலத் தளத்துக்கு வருவோம். பொருள் உங்கள் ஊரிலுள்ள லைசென்ஸ் பெற்ற டீலருக்கு வரும். ஏல விலையோடு அனுப்பும் செலவும் அவருடைய ட்ரான்ஸ்ஃபர் கட்டணமும் சேரும். பல விற்பனையாளர்கள் 3 நாள் பரிசோதனை அவகாசம் தருகிறார்கள். ஆனால் 4473 படிவத்தை (டீலரிடம் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டாட்சி அரசுப் படிவம்) நிரப்பி உங்கள் பெயருக்கு மாற்றியபின் திருப்பி எடுக்கப் பலர் மறுப்பார்கள். எனவே படிவத்தைத் தொடும் முன் டீலர் கடையிலேயே மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிடுங்கள். ஆன்லைனின் உண்மையான பயன், முடிந்த ஏலங்களின் விலைப் பட்டியல். ஷோவில் மேசை முன் நின்று, கேட்கப்படும் விலையை அல்ல, விற்று முடிந்த விலையைக் கைபேசியில் பாருங்கள்.

சுடுவதற்கு மட்டும் நல்ல கராண்ட் போதுமென்றால் இரண்டையும் தாண்டி மூன்றாவது வழி இருக்கிறது: பழைய ராணுவ ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிஎம்பி (சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம்) அமைப்பு. அலபாமாவின் அனிஸ்டனிலும் ஒஹையோவின் கேம்ப் பெரியிலும் அதற்குக் கடைகள் உண்டு. தரம் பிரித்தே விற்கிறார்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷோவில் டீலரிடம் வாங்கினாலும் கடையைப் போலவே 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் உண்டு. லைசென்ஸ் இல்லாத தனிநபர்கள் இருவரும் ஒரே மாநிலத்தவராக இருந்தால் மட்டுமே நேரடியாக விற்று வாங்கலாம்; கலிஃபோர்னியா, நியூயார்க், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் அதற்கும் டீலர் வேண்டும். கட்டாயமில்லாத இடத்திலும் டீலர் வழியாகப் போவதே இருவருக்கும் பாதுகாப்பு. 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகளுக்கு 30 டாலரில் 3 ஆண்டுக்குச் சேகரிப்பாளர் லைசென்ஸ் கிடைக்கும். வெளிமாநில ஷோக்களுக்குப் போவோருக்கு இது பெரிய வசதி, மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு. வாங்கிய ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எச்-1பி, எஃப்-1 விசாவில் இருக்கும் நம்மவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

வியாபாரிகளுக்கு மேசை வாடகை வீண்செலவாகத் தெரியலாம். அந்த வாடகை பெரும்பாலும் ஷோவுக்கு முந்தைய நாளுக்கான விலை. பொதுமக்கள் வருமுன், மேசை அடுக்கும் நேரத்தில் வியாபாரிகளுக்குள் நடக்கும் கைமாற்றில்தான் நல்ல சரக்கு நகர்கிறது. ஒக்லஹோமாவின் டல்சாவில் ஏப்ரலிலும் நவம்பரிலும் கூடும் வானென்மாக்கர் ஷோ 11 ஏக்கர் கூரைக்குள் நடப்பது. அங்கே கதவு திறக்கும்போது சில பொருட்கள் ஏற்கெனவே இரண்டு கை மாறியிருக்கும். லாபத்துக்காகத் தொடர்ந்து வாங்கி விற்பவர் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். 2022 சட்டத் திருத்தம் இந்த வரையறையை இன்னும் இறுக்கியிருக்கிறது.

விற்பதில் மட்டும் அபூர்வமான பொருளுக்கு ஏலமே மேல். அதைத் தேடும் இரண்டு பேர் ஒரே ஷோவுக்கு வருவது அரிது. ஏலத்தில் இருவரும் மோதுவார்கள். அனுப்பும்போது கராண்டை மரம் தனி, இரும்பு தனி என்று பிரித்துச் சுற்றுங்கள். பூட்டியபடி அனுப்பினால் பெட்டி விழும்போது கைப்பிடிக் கழுத்தில்தான் மரம் பிளக்கும்.