எக்ஸ்ட்4: கோப்பு மீண்டது, பெயர் மீளவில்லை

பழுதடைந்த எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) மாற்றப்பட்டு என் மேசைக் கணினி வீடு திரும்பிய செய்தியைக் கேட்ட நண்பர், லினக்ஸில், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடான எக்ஸ்ட்4 கோப்பு முறைமையிலேயே தொடரலாமா, பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறொரு முறைமைக்கு மாறிவிடலாமா என்று கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

குறை சொல்வதற்கு முன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28 பதிப்போடு நிலைபெற்ற எக்ஸ்ட்4, மின்சாரம் போய்க் கணினி திடீரென்று அணைந்தபோதெல்லாம், ஜர்னலில் (மாற்றங்களைச் செய்யுமுன் குறித்துவைக்கும் பதிவேட்டில்) முழுமையாகப் பதிவாகியிருந்த மாற்றங்களை நிறைவேற்றியும் அரைகுறையானவற்றைக் கைவிட்டும், நான் கவனிப்பதற்குள் எழுந்து நின்றிருக்கிறது. இயல்பான அமைப்பில் ஜர்னலுக்குள் போவது கோப்புகளைப் பற்றிய விவரங்களே தவிர உள்ளடக்கம் அன்று. ஆகவே அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியாக நிற்கலாம். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

இம்முறை, சீரற்ற மின்னழுத்தத்தில் டிஸ்க் எழுதியதே கோளாறாகிவிட்டதால், ஜர்னல் கைகொடுக்கவில்லை. கோப்பு முறைமையைச் சோதித்துப் பழுதுநீக்கும் எஃப்எஸ்சிகேயை நீங்களே இயக்குங்கள் என்ற அறிவிப்போடு திரை நின்றுவிட்டது. டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி கொண்டு டிஸ்க்கை அப்படியே பிரதியெடுத்து, அந்தப் பிரதியின் மீதுதான் வேலையைத் தொடங்கினேன். முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் முதல் சூப்பர்பிளாக் படிக்க இயலாத நிலையில் இருந்தது. ஆனால் பிளாக் எனப்படும் டிஸ்க் துண்டு 4096 பைட் அளவில் இருந்தால் 32768ஆம் பிளாக்கில் அதன் நகல் ஒன்று இருக்கும் என்பதால், அந்த எண்ணைக் கொடுத்தவுடன் முழு அமைப்பும் மறுபடி தெரியத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தேவைப்படாத அந்த நகல் இருந்த இடத்திலேயே பழுதின்றி இருந்ததைக் கண்டபோது, இதை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அந்த மகிழ்ச்சி எஃப்எஸ்சிகே கேள்வி கேட்கத் தொடங்கியதும் வடிந்துவிட்டது. 1311042ஆம் ஐநோடு (ஒரு கோப்பின் விவரங்களைத் தாங்கும் பதிவு) எதனோடும் இணைக்கப்படவில்லை, அநாதைக் கோப்புகளுக்கான லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் கோப்புறையில் சேர்க்கட்டுமா என்று கேட்கிறது. அது மகளின் பள்ளிச் சான்றிதழா, உலாவியின் குப்பையா என்று அறியாத நான் ஆம் என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்? இப்படிக் கேள்வி கேள்வியாகப் போய், முடிவில் அந்தக் கோப்புறை முழுவதும் எண்களாகவே நிரம்பிக் கிடந்தது. அஞ்சலகத்தில் முகவரிச் சீட்டு கிழிந்து குவிந்த பார்சல்கள்கூட ஊர் முத்திரையையாவது தாங்கியிருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம் என்பதால், பெயர் ஐநோடில் இல்லாமல் கோப்புறையில் வைக்கப்படுகிறது. கோப்புறையின் பிளாக் சிதைந்தால் பெயரும் போய்விடுகிறது. மேலடுக்குக் கோப்புறை மட்டும் அழிந்த இடங்களில், உள்ளே இருந்த கோப்புறை ஓர் எண்ணைப் பெயராகச் சுமந்தாலும், அதைத் திறந்தால் எல்லாப் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. இவையெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிவதால் எரிச்சல் குறையவில்லை. கடைசியாக மாற்றப்பட்ட தேதி ஐநோடிலேயே பிழைத்திருப்பதால், தேதி வாரியாக அடுக்கியும், ஃபைல் கட்டளையால் வகை பிரித்தும் புகைப்படங்களை ஒருவாறு மீட்டேன். இந்த இரண்டையும் எஃப்எஸ்சிகேயே செய்து, எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

பிடிஆர்எஃப்எஸ் உள்ளடக்கத்துக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்துச் சிதைவைக் கண்டுபிடித்துவிடும். எக்ஸ்ட்4 அதைச் செய்வதில்லை. ஆனால் பிடிஆர்எஃப்எஸ்ஸின் பழுதுநீக்கும் கட்டளையை விவரமறிந்தவர்களைக் கேட்காமல் இயக்க வேண்டாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. எடை போட்டுப் பார்த்தால் எக்ஸ்ட்4தான் வெல்கிறது, புதிய டிஸ்க்கையும் நான் அதிலேயே ஃபார்மட் செய்திருக்கிறேன். இருந்தும் நண்பரை பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு மாறிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அடையாளம் தெரியாத கோப்புகள் இன்னும் பாதி மிச்சமிருக்கையில் எக்ஸ்ட்4க்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை.