ஸ்கைலேக் லெப்டொப்பில் லினக்ஸ் வீடியோ: எது ஓடுகிறது, எது மூச்சு வாங்குகிறது

லினக்ஸில் ஹார்ட்வெயார் டிகோடிங், அதாவது சுருக்கி வைத்த வீடியோவை ப்ரொசெசருக்குப் பதிலாகக் கிராபிக்ஸ் சிப்பே பிரிப்பது, வேலை செய்யுமா என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் ஒழுங்கான பதில் சொல்ல முடியாது. எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்குகிற முறை), எந்தத் தலைமுறை சிப் என்று இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். நான் பாவிப்பது கல்முனையில் பாவித்த சாமான் விற்கிற கடையொன்றில் 2022 இல் வாங்கிய லெப்டொப். இன்டெல் ஐ5-6300யு, எச்டி கிராபிக்ஸ் 520, அதாவது ஸ்கைலேக் என்கிற ஆறாம் தலைமுறை. அதில் லினக்ஸ் மின்ட். வேலைக்கும் அதுதான், இரவில் அம்மா நாடகம் பார்ப்பதற்கும் அதுதான்.

வீடியோ எப்படியோ ஓடினால் சரிதானே, இதிலெல்லாம் ஏன் மினக்கெட வேண்டும் என்பவர்கள், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பின்னேரம் கல்லடிப் பக்கம் வந்து இருந்து பார்க்கலாம். வெளியில் வெக்கை, உள்ளே தகரக் கூரை, மடியில் லெப்டொப். ப்ரொசெசரே முழு வீடியோவையும் பிரித்துக்கொண்டிருந்தால் ஃபேன் கத்துகிற சத்தத்தில் வசனம் கேட்காது, கொஞ்ச நேரத்தில் சூடு கூடி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பிறகு படம் இழுபடும். வாங்கின வருடம் கரண்ட் வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது, பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கணக்கு எனக்கு அப்போதுதான் தொடங்கியது.

முதலில் பார்க்க வேண்டியது டெர்மினலில் விஏஇன்ஃபோ என்ற கட்டளை. பிளேயர் வீடியோவைச் சிப்பிடம் கொடுக்க இன்டெலுக்கு வழி விஏ-ஏபிஐ, அதற்கு இரண்டு டிரைவர்கள் இருக்கின்றன: பழையது ஐ965, புதியது ஐஎச்டி. ஐந்தாம் தலைமுறையிலிருந்து புதியது போதும், அதற்கு முந்திய மெஷின் என்றால் பழையதுதான். எது ஏறியிருக்கிறது என்பதை விஏஇன்ஃபோ மேலேயே சொல்லிவிடும், கீழே புரொஃபைல் பட்டியல் வரும். வரியின் கடைசியில் விஎல்டி என்று இருந்தால் அந்த கோடெக்கைச் சிப்பே பிரிக்கும், என்க்ஸ்லைஸ் என்றால் அது என்கோட் பண்ணுவதற்கு. என் மெஷினில் எச்.264 இருக்கிறது, எச்இவிசி மெயின் (8 பிட்) இருக்கிறது, மெயின்10 (10 பிட்) இல்லை, விபி9 இல்லை, ஏவி1 பற்றிப் பேச்சே இல்லை. 10 பிட் எச்இவிசியும் விபி9உம் ஒழுங்காக வருவது ஏழாம் தலைமுறையான கேபி லேக்கில், ஏவி1 வருவது பதினோராம் தலைமுறையில். கடைக்காரர் ஐ5 என்று சொன்னால் போதாது, எத்தனையாம் தலைமுறை என்று கேட்க வேண்டியது இதற்காகத்தான்.

பட்டியலில் இருக்கிறது என்பதற்காக பிளேயர் அதைப் பாவிக்கிறது என்று நினைக்கக் கூடாது. எம்பிவி என்ற பிளேயர் இதற்கு நல்ல உதாரணம், தானாக ஹார்ட்வெயாரைத் தொடாது, எச்டபிள்யூடெக் என்ற தெரிவை நாமே கொன்ஃபிக் கோப்பில் எழுத வேண்டும், ஆட்டோ-சேஃப் என்று கொடுத்தால் போதும். படம் ஓடும்போது கன்ட்ரோலையும் எச்சையும் அழுத்தினால் ஹார்ட்வெயாருக்கும் சொஃப்ட்வெயாருக்கும் மாறி மாறிப் போகலாம், ஐ எழுத்தை அழுத்தினால் எது ஓடுகிறது, எத்தனை பிரேம் விழுந்தது எல்லாம் திரையிலேயே வரும். பக்கத்தில் இன்னொரு டெர்மினலில் கிராபிக்ஸ் சிப்பின் வேலையைக் காட்டுகிற இன்டெல் ஜிபியு டொப்பைத் திறந்து வையுங்கள், அதில் ரெண்டர், பிளிட்டர், வீடியோ என்று தனித்தனிக் கோடுகள். வீடியோ என்கிற கோடு அசைந்தால்தான் சிப் வேலை செய்கிறது, ரெண்டர் மட்டும் ஏறினால் படத்தைத் திரையில் போடுவதற்கு மட்டும்தான் கிராபிக்ஸ் உதவுகிறது, பிரிக்கிற பாரம் இன்னும் ப்ரொசெசரின் தலையில். கல்யாண வீட்டு 1080பி எச்.264 கோப்பொன்றைப் போட்டுக்கொண்டு கன்ட்ரோல் எச்சை இரண்டு தரம் தட்டிப் பாருங்கள்: வீடியோ கோடு விழுகிறது, ப்ரொசெசரின் பாரம் ஏறுகிறது, திரும்பத் தட்ட அது இறங்குகிறது. ஃபேன் அடங்க மட்டும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

விஎல்சியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஓட்டோமெட்டிக்கில் விட்டிருக்கிறேன்.

பிரௌசர்தான் பெரிய கதை. 2023 ஜூலையில் வந்த பயர்பொக்ஸ் 115 இலிருந்து இன்டெலுக்கு ஹார்ட்வெயார் டிகோடிங் தானாகவே ஓன், அதற்கு முன் கொன்ஃபிக் பக்கத்தில் போய் நோண்ட வேண்டியிருந்தது. ஆனாலும் யூடியூப் பார்த்தால் ஃபேன் கத்தும், ஏனென்றால் யூடியூப் பெரும்பாலும் தருவது விபி9 அல்லது ஏவி1, இந்தச் சிப்புக்கோ இரண்டும் தெரியாது. வீடியோவில் வலது கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸைத் திறந்தால் கோடெக் வரி தெரியும். எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டவுடன் அந்த வரி ஏவிசி1, அதாவது எச்.264, ஆக மாறியது, லெப்டொப் வாயை மூடிக்கொண்டது. எச்.264 இல் யூடியூப் 1080பிக்கு மேல் தராது, என் திரையும் 1080பிதான், அதனால் நட்டமில்லை.

நட்டம் வேறொரு இடத்தில். அதே தரத்துக்கு எச்.264 கூடுதல் டேட்டா தின்னும். வீட்டில் ஃபைபர் இருக்கிறவருக்கு அது பொருட்டில்லை, போன் ஹொட்ஸ்பொட்டில் டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கிறவருக்கு அது காசு. நான் மாதக் கடைசியில் எக்ஸ்டென்ஷனை நிறுத்திவிட்டு 480பியில் விபி9ஐ ஓட விடுகிறேன், அந்த அளவை ப்ரொசெசரே அலட்டிக்கொள்ளாமல் சமாளிக்கும். சும்மா எல்லோருக்கும் எச்.264ஐப் பரிந்துரைக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

என்விடியா வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவர்களின் சொந்த டிரைவருக்கு வழி என்விடெக், விஏ-ஏபிஐயை எதிர்பார்க்கிற பயர்பொக்ஸுக்கு நடுவில் இன்னொரு டிரைவர் போட வேண்டும்.

தீராமல் கிடப்பது ஒன்று. கனடாவிலிருந்து அத்தான் பிள்ளைகளின் வீடியோக்களை டிரைவில் ஏற்றி அனுப்புவார். அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, "மகன், இது என்ன நிண்டு நிண்டு போகுது, பிள்ளைர முகத்தையே வடிவாப் பார்க்கேலாம இருக்கு" என்றார். எம்பிவியில் ஐயை அழுத்தினால் எச்இவிசி, 4கே, 10 பிட். ஐபோன் 12 இலிருந்து எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பிடிக்கிற) வீடியோ இப்படித்தான் பதிவாகிறது. மெயின்10 இல்லாத சிப்பில் எந்த டிரைவரை மாற்றியும் பிரயோசனமில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் எச்.264 ஆக மாற்றலாம், என்கோட் பண்ணுவதைச் சிப்பே செய்யும், ஆனால் டோன் மேப்பிங் (எச்டிஆர் நிறங்களைச் சாதாரண திரைக்கு ஏற்றபடி மாற்றுவது) செய்யாவிட்டால் நிறம் வெளிறி முகமெல்லாம் சாம்பல் பூசினது மாதிரி வரும், சாதாரண ஃபில்டரில் செய்யப் போனால் அது ப்ரொசெசரின் வேலை, இரவு படுக்கும்போது போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கடைசியில் அத்தானிடமே சொன்னேன்: போனில் கேமரா செட்டிங்ஸுக்குப் போய் ரெக்கோர்ட் வீடியோவில் எச்டிஆரை நிறுத்துங்கோ, 4கேயை 1080பி ஆக்குங்கோ என்று. அவர் மாற்றிவிட்டார், அவர் எடுப்பதெல்லாம் இப்போது 8 பிட், வீடியோ கோடு அசைய அமைதியாக ஓடுகிறது. அக்கா மாற்ற மாட்டேன் என்கிறார், எச்டிஆரில்தான் நிறம் நல்லாயிருக்காம். அவர் அனுப்புவதை மட்டும் இரவில் மாற்றப் போடுகிறேன்.